முதல் முட்டி

சூரங்குறிச்சி ஹாக்கி மைதானத்தின் புல்லைப் பாயைப் போலச் சுருட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் அரசாங்கம் நீல நிறத்தில் பிளாஸ்டிக் புல் விரித்து முடித்த ஒன்பதாம் நாள் காலையில், அந்த மைதானத்தில் என்றைக்காவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அத்தனை பேருக்கும் பழைய தழும்பில் அருகம்புல் முளைத்தது.

யாரும் அலறவில்லை. ரேஷன் கடையில் எடை போடும் மாசிலாமணி, குளிக்கும்போது சோப்பு முட்டியில் மாட்டிக்கொண்டு கீழே இறங்க மறுப்பதைப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ஏளா, இங்க பாரு, நம்ம கிரவுண்டு வந்துருக்கு" என்றார். அவள் எட்டிப் பார்த்து, "வந்தா வரட்டும், தலையத் துவட்டிட்டு வாங்க, இட்லி ஆறுது" என்றாள். அவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம். வெளியே போ என்று சொல்லிவிட்டால் மானமுள்ளவர்கள் எங்கே போவார்கள், தெரிந்தவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள், புல்லும் அப்படித்தான் வந்திருக்கிறது என்று ஒன்பது மணிக்குள் டீக்கடைகளில் தீர்ப்பாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வரிசையாக நாற்பது முட்டிகளைப் பார்த்துவிட்டு, மாத்திரை ஒன்றும் வேண்டாம், வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். குழாயில் ஆறு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் ஊரில் அதை யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை, அருகும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ஊர் தன் வழக்கங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிப் புல்லுக்கும் இடம் கொடுத்தது. சலூன்களில் முகச்சவரத்தோடு முட்டிச்சவரமும் சேர்ந்துகொண்டது. தையல்காரர்கள் பேன்ட்டில் முட்டிக்கு நேராக ஒரு ஜன்னல் வைத்துத் தைத்தார்கள். வெள்ளாடு எதிரே வந்தால் பெரிய மனிதர்கள்கூடக் கௌரவம் பார்க்காமல் எதிர்ச்சாரிக்குத் தாண்டினார்கள், ஏனென்றால் ஆடு கடித்தால் வலிக்காது, ஆனால் நடுத்தெருவில் நின்று சிரிக்கும்படி கூசும். பிள்ளையார் கோயிலில் மட்டும் ஒரு வழக்கு வந்தது. காலில் முளைத்ததைப் பிள்ளையார் தலையில் சாத்தலாமா என்று ஒருவர் கேட்டார், கேள்வி நியாயமானதுதான் என்று எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள், சின்ன வயதில் லெப்ட் பேக் ஆடிய பூசாரி தன் வேட்டியைச் சற்று உயர்த்தித் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கு இல்லாத கூச்சம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டதோடு வழக்கு முடிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் முட்டியைப் பார்த்தார்கள். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று மணமேடையில் சொல்வதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டதல்லவா என்று பையன்வீட்டாரும் மீசையை முறுக்கினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. நான் அந்த வருடம் ஆடினேன், நான் இந்தக் கோப்பையில் ஆடினேன் என்று காலமெல்லாம் கதை அளந்த சிலருடைய முட்டிகள் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. அவர்கள் வெயில் காலத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். அதில் ஒருவர் புத்திசாலித்தனமாகப் பிளாஸ்டிக் புல்லில் வெட்டிப்போட்ட ஒரு துண்டைக் கத்தரித்துப் பசை போட்டு முட்டியில் ஒட்டிக்கொண்டு பெருமையாகக் கடைத்தெருவுக்கு வந்தார். எல்லாம் சரிதான், அது நீலமாக இருந்தது.

பெண்களை யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் பெண்பிள்ளைகள் மட்டையைத் தொட்டே பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு அரைக்கால் டவுசருக்குக் கீழே இளம்புல் பச்சைப் பசேலென்று தெரிந்தது, அதோடு கணக்கு முடிந்தது என்று ஊர் நினைத்தது. ஐம்பத்தொரு வயதில், மாவு மில் நடத்திக்கொண்டு, தலைமுடி முதல் புருவம் வரை எப்போதும் அரிசிமாவு படிந்து நிற்கும் வெயிலுகந்தாளின் சேலைக்குள்ளே, இரண்டு முட்டியிலிருந்தும் கணுக்கால் வரைக்கும் தொங்குமளவுக்கு, ஊரிலேயே அடர்த்தியான அருகு வளர்ந்து நிற்கிறது என்று யாருக்குத் தோன்றும்? எதிர்வீட்டு வெள்ளாட்டுக்கு மட்டும் தோன்றியது. ரோசாப்பூ என்று பேர் கொண்ட அந்த ஆடு காலையில் மில் திறக்கும்போது வந்து, சாயங்காலம் பூட்டும்வரை அவள் முந்தானைக்குப் பின்னாலேயே நடந்தது.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர் அவள் புருசன் தவசிமுத்து. அவர் அதிகம் பேசாத மனிதர், மில்லின் பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் முப்பது வருடம் நின்றவர்களுக்குப் பேச்சு தன்னாலே குறைந்துவிடும். ஒரு நாள் காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து புல்லை விரலால் கோதிக்கொண்டிருந்ததைக் காப்பி டம்ளரோடு நின்று பார்த்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல கேட்டப்ப, சீனிப்பாண்டி கடைச் சைக்கிள்ல விழுந்தேன்னு சொன்னே" என்றார்.

"ஆமா."

"அந்தச் சைக்கிள் கிரவுண்டுக்குள்ள ஓடுச்சோ?"

வெயிலு சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முப்பத்து மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

அவளுக்கு ஒரு அண்ணன், ஏழு வயது மூத்தவன், உடையப்பன். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே நடை, முதுகைக் காட்டி நின்றால் பெற்ற தாயே மாற்றிக் கூப்பிடுவாள். உடையப்பன் ஊர் டீமில் ரைட் அவுட் ஆடினான். வீட்டுக்குப் பின்னால், உடைமரக் கம்பை வளைத்து வைத்துக்கொண்டு அவனோடு தினமும் ஆடிய வெயிலு அவனைவிட நன்றாக ஆடினாள், அது அவனுக்கும் தெரியும், அவன் அதை மறைத்ததில்லை. பொங்கல் கோப்பையின் இறுதி ஆட்டம், பக்கத்து டவுன்காரர்களோடு. ஊர் டீமில் சரியாகப் பதினொரு பேர்தான், பன்னிரண்டாவது ஆள் கிடையாது. அன்று காலையில் உடையப்பனுக்கு முகத்தில் அம்மை முத்துப் போட்டுவிட்டது.

அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டவேண்டும், கட்டிவிட்டால் வீட்டு ஆள் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அந்த வாசலைத் தாண்டுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய அம்மா வேப்பங்கொத்தோடு வாசலுக்குப் போனாள், நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள், உள்ளே கிடக்கும் மகனையும் அடுப்படியில் நிற்கும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொத்தைக் கொண்டுபோய்ப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு, "தாயே, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ, நாளைக்கு விடிஞ்சதும் கட்டிருதேன்" என்று கும்பிட்டு, மகளிடம் திரும்பி, "ஏளா, அவன் டவுசர எடுத்து மாட்டு" என்றாள்.

பல்வலி என்று தாடையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, அண்ணனின் தொளதொள சட்டையில் வெயிலு மைதானத்துக்குப் போனாள். பல்வலிக்காரனை யாரும் பேச வைக்கவில்லை. ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, கேப்டன் சீனிப்பாண்டி இடது பக்கமிருந்து ஒரு அடி அடித்தார், வேகமான அடி, எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிற அடி. ஆனால் கோல் பக்கத்தில், எத்தனை தடவை செதுக்கினாலும் மறுபடி எழும்பும் ஒரு அருகம்புல் குத்து இருந்தது, பந்து அதில் முட்டி, கொஞ்சம் யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வெயிலு இரண்டு முட்டியிலும் சறுக்கிக்கொண்டு வந்து அதை உள்ளே தள்ளிவிட்டாள். முட்டி இரண்டும் கிழிந்து ரத்தம் வழிய, ஊர் அவளைத் தோளில் தூக்கியது, மைக் செட் பரமன் மரத்தில் கட்டியிருந்த குழாய் அதிர, "கோல் அடித்தவர் நமது உடையப்பன்! மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம், கோல் அடித்தவர் நமது உடையப்பன்!" என்று அறிவித்தான். தோள்களின் மேலே, துண்டுக்குள்ளே, அவள் வாய் மட்டும் அசைந்தது. அவள் சொன்னது அவளுடைய பெயர். அது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வேப்பிலை ஏறியது. மூன்று வாரம் ஒருவரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. அண்ணனுடைய முத்துக்களும் தங்கையின் முட்டிகளும் ஒரே கதவுக்குப் பின்னால் ஆறின. அந்தக் கோலுக்காக உடையப்பனுக்குப் பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது, முட்டி தேறவில்லை என்று சொல்லி அவன் அப்புறம் மட்டையைத் தொடவில்லை, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று ஊரிலேயே வீடு கட்டினான், அந்த வீட்டுக்கு ஊரே கூடி 'கோல் இல்லம்' என்று பெயர் வைத்தது. வருடா வருடம் பொங்கலுக்குத் தங்கைக்கு ஒரு சேலை எடுத்து வருவான், முப்பத்து மூன்று வருடமும் பச்சைச் சேலை. அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. தின்ன சோற்றில் ஒரு குறையும் இல்லை, கட்டிய புருசன் தங்கம், மகளோ மாநில டீமில் கோல் கீப்பர். ஆனால் மைக்கில் யார் பேரை யார் சொன்னாலும் வெயிலு சட்டென்று தலை தூக்கிப் பார்ப்பாள். தன் பேர் ஒரே ஒரு தடவை அந்தக் குழாயிலிருந்து வரவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை.

தவசிமுத்து எல்லாவற்றையும் கேட்டார். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"பந்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அவள் கையால் காட்டினாள். அவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஞானப்பிரகாசம் வாத்தியார் மாதா கோயில் வெளிமுற்றத்தில் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு எழுந்தபோது அவருடைய புல் முட்டியை விட்டு இறங்கி மண்ணிலேயே நின்றுவிட்டது. இரண்டு வட்டம், தட்டு அகலத்துக்கு. அப்போதுதான் ஊருக்கு விசயம் புரிந்தது. புல் தங்க வரவில்லை, இடம் பார்த்துக் கொடுக்கும்வரை காத்திருக்கத்தான் வந்திருக்கிறது.

நீல மைதானத்தை ஒட்டி, முன்பு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயப்போட்ட பொட்டல் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் சீனிப்பாண்டி மாவு மில்லுக்கு வந்தார். அவருக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது, சைக்கிள் கடை, முட்டியில் செழிப்பான புல். மிளகாய் அரைக்க வந்தவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே கூடிவிட்டார்கள்.

"பிளாஸ்டிக்க எடுக்கச் சொல்லி எழுதிப் போடுவோம்" என்றார் சீனிப்பாண்டி. "அது என்ன கிரவுண்டு? வெயில்ல தோசக்கல்லு. ஆடுதுக்கு முன்னால லாரித் தண்ணி ஊத்தணும். இங்க குடிக்கத் தண்ணி இல்ல. புல்லுல பந்து கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனைலதான் ஆட்டமே இருக்கு."

வெயிலுவின் மகள் பொன்னிசக்கி மாவுச் சல்லடையைக் கீழே வைத்தாள். "பந்து எதுக்கு மாமா யோசிக்கணும்? யோசிக்கதுக்கு நாங்க இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "வெளியூர்ல பெரிய ஆட்டம் எல்லாம் நீலத்துலதான். புல்லுல பழகிட்டு அங்க போனா, பந்து வருதுன்னு பாக்கதுக்குள்ள கோலுக்குள்ள போயிருது. போன வருசம் ஆறு கோல் வாங்கிட்டு பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தோம். உங்களுக்குப் புல்லு வேணும்னா பொட்டல்ல போட்டுக்கிடுங்க. எங்க நீலத்த எடுக்காதீங்க."

"சறுக்கி விழுந்தா தோலு வெந்துருதேட்டி."

"அதுக்கு விழாம ஆடணும்."

சீனிப்பாண்டி வெயிலுவைப் பார்த்தார், பெற்றவள் ஒரு நியாயம் சொல்லட்டும் என்று. வெயிலுவுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அந்தக் குத்து மட்டும் இல்லையென்றால் அவள் கோலே கிடையாது. நீலம் மட்டும் இல்லையென்றால் மகளுக்கு மாநில டீமில் இடம் நிலைக்காது. "ரெண்டும் இருக்கட்டுமே அண்ணாச்சி, ஊருக்கு ரெண்டு முட்டி இருக்குல்லா" என்றாள். அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அப்படியாக ஏற்பாடு ஆயிற்று. தை மாதம் நீல மைதானம் திறக்கிற அன்று காலையில், ஊர் மொத்தமும் பொட்டலில் முழங்காலிட்டுப் புல்லை இறக்கிவிடுவது. கோயிலில் முதல் மரியாதை இருப்பதுபோல இதற்கும் ஒரு முதல் முட்டி வேண்டும், முதல் முட்டி யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை, கோல் இல்லத்திலிருந்து நையாண்டி மேளத்தோடு உடையப்பனை அழைத்து வருவது. "அவன் முட்டி ஒண்ணு போதும்யா, பாதிக் கிரவுண்டு மூடிரும்" என்றார் சீனிப்பாண்டி. கூட்டத்தில் தும்மாமல் நின்றது வெயிலு ஒருத்திதான்.

உடையப்பன் ஒரு மாதமாகப் பேன்ட்தான் போட்டுக்கொண்டிருந்தான், ஜன்னல் வைக்காத பேன்ட். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கரண்ட் இல்லாமல் மில் அமைதியாகக் கிடந்த நேரத்தில், தங்கையைப் பார்க்க வந்து அரிசிமூட்டை மேல் உட்கார்ந்தான். ஆட்டைப் பார்த்தான், ஆடு தங்கையின் முந்தானையைப் பார்த்தது.

"எவ்வளவு இருக்கு வெயிலு?" என்றான் கடைசியில்.

அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். அவன் முகத்தை மூடிக்கொண்டான். வழுக்கை விழுந்த, அறுபதை நெருங்கும் அந்தப் பெரிய மனிதனைப் பார்க்க அவளுக்குப் பதினெட்டு வயதின் பாசம் அப்படியே பொங்கியது.

"நீ ஏன் அழுதே? இந்தா, முட்டியக் காட்டு. அன்னைக்கு நான் உன் டவுசரப் போட்டேன். இன்னைக்கு நீ என் புல்லப் போட்டுக்கோ."

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போலத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து முட்டியோடு முட்டியை ஒட்டிவைத்தார்கள். புல் மெல்ல எழும்பியது. ஒவ்வொரு நுனியாக நீண்டு உடையப்பனின் முட்டியைத் தொட்டது, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, பிறகு வீடு மாறி வந்துவிட்டவர்களைப் போல மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது. மூன்று தடவை பார்த்தார்கள், மூன்று தடவையும் அப்படித்தான்.

"சரி விடு" என்றாள் வெயிலு. "நாளைக்குக் காலைல உன் வாசல்ல வேப்பிலை கட்டிருதேன். அம்மைன்னா ஒருத்தனும் வரமாட்டான். நீ போர்த்திப் படுத்துக்கோ."

"அப்ப நீ?"

"எனக்கென்ன. எனக்குப் பழக்கந்தானே."

இதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். உடையப்பன் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிகிற வேளையில் வெயிலு வேப்பங்கொத்தோடு கோல் இல்லத்துக்குப் போனாள். இல்லாத அம்மைக்கு வேப்பிலை கட்டுவது சின்னப் பாவமில்லை என்று அவளுக்குத் தெரியும். "தாயே, அன்னைக்கு ஒரு நாள் கட்டாம விட்டோம், இன்னைக்கு ஒரு நாள் சும்மா கட்டுதேன், சரிக்குச் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கோ" என்று சொல்லிக் கட்டினாள். நிலைக்கு மேலே பித்தளைப் பலகையில் 'கோல் இல்லம்' என்று இருந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டாள்.

எட்டு மணிக்கு மேளம் வந்தது. முன்னால் மாலையோடு சீனிப்பாண்டி, பின்னால் ஆட்டோவில் மைக் செட் பரமன், அவனுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய பச்சை முட்டிகளாக ஊர். தெரு திரும்பியதும் வேப்பிலையைப் பார்த்தார்கள். மேளம் நின்றது. ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பத் தொடங்கினார்கள். வெயிலு மூச்சு விட்டாள்.

அப்போது கதவு திறந்தது.

உடையப்பன் வெளியே வந்தான். வேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தான். அவனுடைய முட்டிகள் இரண்டும் காலை வெயிலில் வழவழவென்று இருந்தன. கையை உயர்த்தி வேப்பிலையை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலு தெருவுக்குக் கேட்கிற கண்டக்டர் குரலில் சொன்னான்:

"யாரும் போகாதீங்க. அம்மை இன்னைக்கு வரல. முப்பத்து மூணு வருசத்துக்கு முன்னால, பொங்கல் கோப்பை அன்னைக்கு வந்துச்சு. அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள பாயில கிடந்தேன்."

திரும்பியவர்கள் திரும்பியபடியே நின்றார்கள். கையில் பிடித்த செருப்புகளோடு ஊர் அவனுடைய முட்டியையே பார்த்தது. ஆட்டோவிலிருந்து பரமன், மைக் அணைக்கப்படவில்லை என்பதை மறந்து, "அப்ப யாருய்யா?" என்று கேட்டது நாலு தெருவுக்கும் கேட்டது.

உடையப்பன் வாயைத் திறப்பதற்குள் ரோசாப்பூ பதில் சொல்லிவிட்டது. தெருமுனையில் நின்ற வெயிலுவின் சேலையை அது அதுவரை முகர்ந்து மட்டுமே பார்த்திருந்தது. அன்றைக்குப் பொறுமை விட்டுப்போய், கரையைப் பல்லால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. ஒரு கொத்து அருகு, பனி ஈரத்தோடு, வெளியே தொங்கியது.

வெயிலுவுக்கு முதலில் அதை மறைக்கத்தான் கை போனது. எதிரே வாசலில் அண்ணன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கூட்டத்தில் தவசிமுத்து மாவுக் கையைக் கட்டிக்கொண்டு, முப்பது வருடத்தில் அவள் பார்க்காத சிரிப்பொன்று சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னிசக்கி மட்டும் வாயைப் பிளந்து நின்றாள். மூட்டை தூக்கும்போது செய்கிறதைப்போலவே வெயிலு கொசுவத்தை அள்ளி முட்டிக்கு மேலே தூக்கிச் செருகினாள்.

யாரும் அத்தனை புல்லைப் பார்த்ததில்லை. ஒரு தடவையும் கத்தரி படாத முப்பத்து மூன்று வருடப் புல்.

சீனிப்பாண்டி மாலையோடு கிட்டே வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அன்னைக்குப் பல்வலி?"

"பல்வலியே கிடையாது அண்ணாச்சி."

"நான் தந்த பாஸு எப்படி இருந்துச்சுன்னு முப்பத்து மூணு வருசமா உங்க அண்ணன்ட்ட கேக்கேன், ஒரு நாளும் ஒழுங்கா பதில் சொன்னதில்ல. நீ சொல்லு தாயி."

"கோணப் பாஸு. வெளிய போகவேண்டிய பந்து. குத்துல முட்டி நின்னதால தப்பிச்சுது."

சீனிப்பாண்டி வெடித்துச் சிரித்தார், அதோடு ஊரும் சிரித்தது, மேளக்காரர்கள் கேட்காமலே அடிக்கத் தொடங்கினார்கள். மாலை அவள் கழுத்தில் விழுந்தது. உடையப்பன் வீட்டுக்குள்ளே போய்த் திருப்புளி எடுத்துவந்து நாற்காலி போட்டு ஏறி, பித்தளைப் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்; அதை மாவு மில்லில் மாட்டுவதாகச் சொன்னான். கோல் மாவு மில் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊரும் சொன்னது. அவனைத் திட்ட நினைத்த இரண்டொருவரும் இவ்வளவு மேளச்சத்தத்தில் திட்டினால் யாருக்குக் கேட்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பொட்டலில் கரிசல் மண்ணை உழுது நனைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் நீல மைதானம் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று கிடந்தது. வெயிலு நடுவில் போய், எல்லோரும் பார்க்க, முழங்காலிட்டாள். முட்டி மண்ணைத் தொட்டதும் புல் இறங்கியது. அவள் காலைச் சுற்றி ஒரு வட்டமாக நின்று, தெரிந்த இடந்தானா என்று பார்த்து, பிறகு நாலா பக்கமும் ஓடியது, கணுக் கணுவாக, வேர் விட்டு வேர் விட்டு, கோல் இருக்கவேண்டிய இடம்வரை. பாதி மைதானம் மூடிவிட்டது. பிறகு சீனிப்பாண்டி, மாசிலாமணி, பூசாரி, ஞானப்பிரகாசம் வாத்தியார், டவுசர் போட்ட பெண்பிள்ளைகள் என்று ஊரே முழங்காலிட்டது, மீதிப் பாதியும் பச்சையாயிற்று. புல்லில்லாத முட்டிக்காரர்களும் கூடவே முழங்காலிட்டார்கள், இனிமேலாவது விழுந்து எழுந்து ஆடலாம் என்று. உடையப்பன் தங்கைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். ரோசாப்பூவைக் கட்டிப்போட ஆள் இல்லாததால் அது சந்தோசமாக மேய்ந்தது.

"எம்மா" என்று பொன்னிசக்கி மட்டையை நீட்டினாள். "ஒரு அடி அடி. நான் நிக்கேன். சும்மா விடமாட்டேன், சொல்லிட்டேன்."

எழுந்தபோது வெயிலுவின் முட்டிகள் லேசாக இருந்தன. தழும்பு மட்டும் இருந்தது. அவள் மட்டையை வாங்கினாள்.

அப்போதுதான் குழாயில் கரகரவென்று சத்தம் வந்தது. பரமன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான், தொண்டையைச் செருமினான், முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய அதே குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தான்.

"ஹலோ, ஹலோ. பொதுமக்கள் கவனத்திற்கு. பொங்கல் கோப்பை இறுதி ஆட்டத்தில் நாம் செய்த அறிவிப்பில் ஒரு சிறு திருத்தம். கோல் அடித்தவர் நமது வெயிலுகந்தாள்."

வெயிலு தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தாள். பந்து காலடியில் கிடந்தது, மகள் கோலில் காத்துக்கொண்டிருந்தாள், அவள் அடிக்கவில்லை. இன்னும் ஒன்று வரவேண்டும், பரமன் எதையும் ஒரு தடவையோடு விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"மீண்டும் ஒருமுறை அறிவிக்கிறோம்" என்றது குழாய்.